பழைய ரோமையும் இன்றைய உலக அரசியலையும் போனில் தொடர்ந்து படிப்பது எப்படி? புதியவர்களுக்கு

போன மாதம் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது போனை நீட்டி, "சித்தப்பா, ரோம் பத்தி இவ்வளவு ரீல்ஸ் வருது, நடுவுல போர்ச் செய்தி வருது, அமெரிக்காவும் ரோம் மாதிரியே விழப் போகுதுன்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார், இதுல எதை எடுத்துக்கறது?" என்று கேட்டாள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை. அவளை உட்காரவைத்து இரண்டு மூன்று சாயங்காலம் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை. போன், ஒரு நோட்டு, தினம் அரை மணி நேரம் போதும்.

1. நம் கணவாயிலிருந்து ஆரம்பியுங்கள்

எடுத்தவுடனே சீசரைத் தேடாதீர்கள். தேடினால் வாளும் ரத்தமும் பெரிய இசையும் போட்ட ரீல்ஸ்தான் வரிசையாக வரும், அதில் நாலைந்தை முழுசாகப் பார்த்துவிட்டால் அப்புறம் உங்கள் போன் அதையே ஊட்டிக்கொண்டிருக்கும்.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளத்துக்குள் இருந்தாலும் எங்கள் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ்தான். கிழக்கே வேலந்தாவளம் தாண்டினால் கோவை, மேற்கே பாலக்காடு. மேற்குத் தொடர்ச்சி மலை இந்த இடத்தில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டிருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய் என்பது இதுதான். சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னால் கேரளக் கரையில் இருந்த முசிறித் துறைமுகத்தையும் கொடுமணல், கரூர் போன்ற கொங்கு நாட்டு ஊர்களையும் இணைத்தது இந்த வழிதான். கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்ததற்கும் இதுவே காரணம். யவனர் (கிரேக்க, ரோமானிய வியாபாரிகள்) கப்பல்கள் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" முசிறி என்று அகநானூறு 149ஆம் பாட்டு சொல்கிறது. கறி என்றால் மிளகு. அதே வியாபாரத்தை மறுமுனையில் இருந்து பார்த்து, இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானியக் காசு) பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று மூத்த பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் முதல் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார். முசிறி வியாபாரத்துக்காக வாங்கிய கடன் பற்றிய ஒப்பந்தம், 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாள் ஒன்றில், இன்றும் வியன்னாவில் இருக்கிறது. அதன் பின்பக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற இடத்தில் தோண்டியபோது, கோயில் ஒன்றில் ஒரு இந்திய ஜாடி நிறைய மிளகு கிடைத்தது, ஏழரைக் கிலோ!

அதனால் முதல் வாரம் முழுக்க முசிறி, பட்டணம் அகழாய்வு (முசிறி இருந்த இடம் என்று பலர் கருதும் கேரளக் கிராமம்), கொடுமணல், பெரெனிகே என்ற இந்த நாலை மட்டும் தேடுங்கள். யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் தமிழில் ஒருமுறை, மலையாளத்தில் ஒருமுறை. படிக்கத் தெரியாவிட்டாலும் மலையாளம் காதுக்குப் புரியும்தானே. சங்கப் பாட்டு, கொடுமணல் பற்றித் தமிழில் நிறைய கிடைக்கும், பட்டணம் பற்றி மலையாளத்தில். ஒரு வாரத்தில் உங்கள் போனுக்கு வரும் பரிந்துரைகளே மாறிவிடும்.

2. நோட்டில் பத்து வருஷங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள், சலிப்பாக இருந்தாலும் கையால் எழுதுங்கள். கி.மு. 509 மன்னராட்சி போய்க் குடியரசு வந்தது (மரபாகச் சொல்லும் வருஷம்). கி.மு. 146 ரோமின் எதிரி நகரமான கார்த்தேஜ் அழிந்தது. கி.மு. 44 மார்ச் 15 சீசர் கொலை. கி.மு. 27 அகஸ்டஸ் முதல் பேரரசர் ஆனார். கி.பி. 64 ரோமில் பெருந்தீ. 212 பேரரசில் இருந்த சுதந்திர மக்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் குடியுரிமை. 330 கிழக்கே கான்ஸ்டான்டினோப்பிள் (இன்றைய இஸ்தான்புல்) புதிய தலைநகர். 410 கோத்துகளின் (ஜெர்மானிய இனம்) தலைவன் அலாரிக் ரோமைக் கொள்ளையடித்தது. 476 மேற்கில் கடைசிப் பேரரசர் பதவி பறிப்பு. 1453 அந்தக் கிழக்குத் தலைநகரும் விழுந்தது.

கடைசி இரண்டையும் பாருங்கள். நடுவில் 977 வருஷம். "ரோம் விழுந்தது" என்று யாராவது சொன்னால் எந்த ரோமைச் சொல்கிறார் என்று கேட்க இந்த ஒரு கணக்கு போதும்.

3. இரண்டு லிஸ்ட், இரண்டும் தனித்தனி

எக்ஸ் தளத்தில் லிஸ்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒருவரை ஃபாலோ செய்யாமலே அவர் அக்கவுண்டை லிஸ்டில் சேர்க்கலாம், லிஸ்டை உங்களுக்கு மட்டும் தெரியும்படியும் வைக்கலாம். ஒன்றுக்கு "பழசு" என்றும் இன்னொன்றுக்கு "இன்று" என்றும் பெயர் கொடுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். கலந்தால் சீசரும் இன்றைய செங்கடல் செய்தியும் ஒரே ஓட்டத்தில் வந்து, சம்பந்தம் இல்லாததும் சம்பந்தம் இருப்பது போலத் தோன்றும்.

"பழசு" லிஸ்டுக்கு பிரிட்டிஷ் மியூசியம், பொம்பெய் தொல்லியல் பூங்கா, அப்புறம் மேரி பியர்ட் போல வாழ்நாள் முழுக்க ரோமைப் படித்தவர்கள். ரெடிட்டில் ஆஸ்க் ஹிஸ்டோரியன்ஸ் என்ற இடத்தையும் பாருங்கள். விவரமில்லாத பதில்களை அங்கே நீக்கிவிடுவார்கள், நிற்கிற பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு பாடம். ஆங்கிலம் கடினமாக இருந்தால் மொழிபெயர்ப்பு பொத்தானை அழுத்துங்கள், அதில் தப்பே இல்லை.

"இன்று" லிஸ்டில் நம் வெளியுறவு அமைச்சகம், எந்தச் சண்டையைப் பார்க்கிறீர்களோ அதில் இரண்டு தரப்பு அரசு அக்கவுண்டுகளும், கப்பல் தாக்குதல் பற்றி எச்சரிக்கை போடும் பிரிட்டிஷ் அமைப்பான யுகேஎம்டிஓ (UKMTO), வீடியோக்களின் இடத்தையும் நாளையும் துப்பறியும் பெல்லிங்கேட் (Bellingcat). அரசு அக்கவுண்டில் வருவது அந்த அரசு சொல்வது, அவ்வளவுதான். அதை மனதில் வைத்தே படியுங்கள். வளைகுடாச் செய்திக்கு மட்டும் மலையாளச் சேனல்களையே நான் முதலில் பார்ப்பேன். அங்கே இருக்கிறவர்களின் குடும்பங்கள் பார்க்கிற சேனல்கள் அவை, ஆகவே விமானம், விசா, வேலை என்று வீட்டுக்குத் தேவையானதை உடனே சொல்வார்கள்.

4. "எந்த வருஷம்?"

நான் சொல்லித் தருவதில் முக்கியமானது இதுதான். யாராவது ரோமை இன்றோடு ஒப்பிட்டால், ரசிக்கும் முன் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்.

உதாரணமாக, அடிக்கடி வருகிற போஸ்ட் ஒன்று: நீரோ வெள்ளிக் காசில் கலப்படம் செய்தான், பண மதிப்பு போனது, ரோம் விழுந்தது, டாலருக்கும் அதே கதிதான். சரி, எந்த வருஷம்? நீரோ காசில் வெள்ளியைக் குறைத்தது 64 வாக்கில். மேற்கு ரோம் முடிந்தது 476-ல். நடுவில் 400 வருஷத்துக்கு மேல்! பேரரசு மிகப் பெரிதாக விரிந்த பேரரசர் டிராஜன் காலமே நீரோவுக்கு அப்புறம்தான் வருகிறது. காசு 260-களில் உண்மையிலேயே கெட்டுப்போய், வெள்ளி பேருக்குத்தான் மிஞ்சியது. விலைவாசியும் ஏறியது, 301-ல் பேரரசர் டயோக்ளீஷியன் விலைக்கு உச்சவரம்பு போட்டுப் பார்த்தார். அதற்கப்புறமும் மேற்கு 175 வருஷம் நின்றது. ஆக, பணம் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அந்த போஸ்ட் சொல்கிற மாதிரி ஒரே நூலில் கோர்க்க முடியாது.

இன்னொன்று, "வெளியாட்களை உள்ளே விட்டதால் ரோம் அழிந்தது." எந்த வருஷம்? டிராஜன் பிறந்தது இன்றைய ஸ்பெயினில், செப்டிமியஸ் செவெரஸ் பிறந்தது இன்றைய லிபியாவில், இரண்டு பேருமே பேரரசர்கள். 376-ல் கோத்துகள் தன்யூப் ஆற்றைத் தாண்டி அடைக்கலம் கேட்டு வந்ததும், 378-ல் அட்ரியானோப்பிளில் அவர்களோடு நடந்த சண்டையில் பேரரசர் வாலன்ஸ் செத்ததும் உண்மை. ஆனால் நடுவில் இருந்த இரண்டு வருஷத்தில் ரோமானிய அதிகாரிகள் அந்தப் பசித்த ஜனங்களிடம் நாய்க்கறியைக் கொடுத்துப் பிள்ளைகளை அடிமையாக வாங்கிக்கொண்டதை அம்மியானஸ் என்ற ரோமானியரே எழுதியிருக்கிறார். போஸ்ட் போடுபவர் இதை விட்டுவிடுவார்.

ரோம் வீழ்ந்ததற்கு அறிஞர்கள் இதுவரை சொன்ன காரணங்களை அலெக்சாண்டர் டெமான்ட் என்ற ஜெர்மன் வரலாற்று ஆசிரியர் 1984-ல் திரட்டினார். 210 வந்தது. ஒரே காரணம் சொல்கிற ரீலைப் பார்க்கும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

5. ஷேர் செய்யும் முன்

2025 ஜூன் 23 ராத்திரி கத்தாரில் இருக்கும் அமெரிக்கத் தளத்தின் மேல் ஈரான் ஏவுகணை விட்டபோது என் சித்தி மகன் தோஹாவில் இருந்தான். வான்வழியை மூடிவிட்டார்கள், போன் கிடைக்கவில்லை, குடும்ப குரூப்பில் ஒரு வீடியோ வந்தது, ஊரே தீப்பிடித்து எரிகிற மாதிரி. சித்தி அதைப் பார்த்துவிட்டு அழுத அழுகையை என்னால் மறக்க முடியாது. வீடியோவை நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டேன். 2020-ல் பெய்ரூட் துறைமுகத்தில் நடந்த வெடிவிபத்து அது. இரண்டு நிமிஷ வேலை. அதை அனுப்பியவர் செய்திருந்தால் சித்திக்கு அந்த ராத்திரி அப்படிப் போயிருக்காது.

ஆகவே ஸ்கிரீன்ஷாட், கூகுள் லென்ஸ், பழைய தேதி ஏதாவது வருகிறதா என்று பார்ப்பது, இது பழக்கமாகட்டும். எக்ஸ் தளத்தில் போஸ்டுக்குக் கீழே வாசகர்கள் சேர்க்கும் குறிப்பு இருந்தால் அதையும் படியுங்கள். வீடியோ கேம் காட்சிகளையே போர் என்று பல முறை பரப்பியிருக்கிறார்கள், படம் தெளிவாக இருக்கிறது என்பது ஒரு சான்றே இல்லை.

பழைய ரோமுக்கும் இதே சோதனைதான். ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான் என்று நாம் பேச்சுவழக்கிலேயே சொல்கிறோம். பிடில் என்ற வாத்தியமே அப்போது கிடையாது. டாசிடஸ் என்ற ரோமானிய வரலாற்று ஆசிரியர் எழுதியபடி தீ பிடித்தபோது நீரோ ஆன்டியம் என்ற ஊரில் இருந்தான், திரும்பி வந்து வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டத்தைத் திறந்துவிட்டான். ஊர் எரியும்போது பாடினான் என்பதை டாசிடஸ் வதந்தி என்றே எழுதுகிறார், சூட்டோனியஸ் என்ற இன்னொரு ரோமானிய எழுத்தாளர் அதையே நடந்ததாக எழுதுகிறார். அந்தத் தீயின்போது டாசிடஸ் சிறு பையன், சூட்டோனியஸ் பிறக்கவே இல்லை. எழுதியவர் யார், எத்தனை வருஷம் கழித்து எழுதினார் என்று கேட்பதும், வீடியோவின் தேதியைத் தேடுவதும் ஒரே வேலைதான்.

6. மேப்பைத் திறந்து வையுங்கள்

ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் இடத்தை ஒப்பிடுங்கள், அது அவ்வளவாக ஏமாற்றாது. கூகுள் மேப்பில் செங்கடலின் தெற்கு வாயான பாப் எல் மந்தெப்பைத் தேடுங்கள். முசிறி மிளகு போனது அதன் வழியாகத்தான். பெரெனிகேயில் இறக்கி, ஒட்டகத்தில் நைல் நதிவரை, அங்கிருந்து படகில் அலெக்சாண்டிரியா. 2023 நவம்பரில் இருந்து ஏமனைச் சேர்ந்த ஹூதிகள் என்ற ஆயுதக் குழுவினர் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் பல கம்பெனிகள் இதே வாயைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. இப்போது கேரளத்தின் தெற்கே இருக்கும் விழிஞ்ஞம் துறைமுகத்தையும் மேப்பில் வையுங்கள். 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள், கிழக்கு மேற்குக் கப்பல் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மெரைன்டிராஃபிக் ஆப்பில் எந்தக் கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நீங்களே பார்க்கலாம். என் அண்ணன் மகள் இதில் ஒரு மணி நேரம் போனதே தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

7. நேரம்

காலையில் பத்து நிமிஷம் "இன்று", ராத்திரி இருபது நிமிஷம் "பழசு". படுக்கும் முன் போர்ச் செய்தி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை, வாரத்தில் பார்த்த ஒப்பீடு ஒன்றை நோட்டில் எழுதி, பக்கத்தில் வருஷத்தைப் போடுங்கள். சென்னைக்குப் போகிற வேலை வந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகள் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பொறித்தவை, அதாவது நீரோ கலப்படம் செய்வதற்கு முந்தைய காசுகள். ஏன் அப்படி என்பதை உங்கள் நோட்டில் 64 என்று எழுதிய வரிக்குப் பக்கத்திலிருந்து தேட ஆரம்பிக்கலாம்.