கார்டு பில்லில் தெரியாத தொகையா?

பெயரைப் பார்த்து மிரளாதீர்கள். கடைப் பலகையில் ஒரு பெயர், பில்லில் தாய் நிறுவனத்தின் பெயர் என்று வருவது சகஜம். 590 ரூபாயைத் திருட்டு என்று பதறுவார்கள். பார்த்தால் 500 ரூபாய் ஆண்டுக் கட்டணமும் 18% ஜிஎஸ்டியும்!

அப்படி எதுவும் இல்லையென்றால், முதலில் ஆப்பில் கார்டை பிளாக் செய்யுங்கள். கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணுக்கே அழையுங்கள். கூகுளில் தேடினால் போலி எண்ணில் மாட்டலாம். புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மோசடி என்றால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் சொல்லுங்கள்.

ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதிப்படி, உங்கள் தவறில்லாத மோசடியை, பணம் போனதாக வங்கியின் எஸ்எம்எஸ் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமில்லை. அதனால் மாத பில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், புகார் சொல்லும்வரை போன பணம் உங்கள் தலையில்தான். தகராறில் இல்லாத பாக்கியைக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் வட்டி ஏறும்.