‘நமக்குத் தெரிந்தவர்’ வேண்டாம்: உளவியல் சிகிச்சையாளரைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து சிகிச்சைக்கு வழி கேட்டு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்: “நமக்குத் தெரிந்தவராகப் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணே.” மனநலச் சமூகப் பணியாளனான எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் பதறுகிறது. நேரத்துக்குப் போவது, மறைக்காமல் பேசுவது போன்றவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பலகையை நம்புவது

‘கவுன்சிலிங்’ என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிடுகிறார்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், பேச்சுவழிச் சிகிச்சை தருவார். அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிறவர் வேண்டாம்.

தெரிந்தவரிடம் போவது

டெல்டாவில் ஊருக்கு ஊர் கொண்டு கொடுத்த சம்பந்தம் இருக்கும். கும்பகோணத்தில் ஒருவரைப் பார்க்கப் போனால் அவருடைய மாமனார் ஊர் வலங்கைமானாக இருக்கும். அதே தெருவில் உங்கள் சித்தப்பா இருப்பார்.

2018 நவம்பரில் கஜா புயல் ஒரு குடும்பத்தின் தென்னந்தோப்பை மொத்தமாகச் சாய்த்துவிட்டது. தந்தை கடனில் ஒடுங்கிப்போனார். பிறகு, வீட்டைத் தாங்கிய மூத்த மகளுக்குத் தூக்கம் போயிற்று. பயம் பிடித்து வேலைக்குப் போவதையே நிறுத்தினாள். தாய்மாமன் தம்முடன் கல்லூரியில் படித்த ஆலோசகரிடம் அழைத்துப் போனார். அவர் கட்டணம்கூட வாங்கவில்லை. சில வாரங்களில் நம்பிக்கை வந்து, உடன் வேலை பார்த்த ஒருவர் மீது தனக்கிருந்த விருப்பத்தைச் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா கூடத்தில் உட்கார்ந்து அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தார். “அவள் நல்லதுக்குத்தானே சொன்னேன்” என்றாராம் ஆலோசகர். இன்னொரு சிகிச்சையாளர் எதிரில் உட்கார அவளுக்கு ஆண்டுகள் பிடித்தன. அத்தனை ஆண்டும் நோய் முற்றிக்கொண்டே இருந்தது. இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

சிகிச்சை பெறுகிறவரின் ரகசியத்தைக் காக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தருகிறது. முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: “நான் சொல்வதில் எதை, எப்போது, யாரிடம் சொல்வீர்கள்?” உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் சொல்ல வேண்டியிருக்கும் என்பது போன்ற விதிவிலக்குகளை நல்ல சிகிச்சையாளர் தாமே விளக்குவார். “கவலைப்படாதே, உன் அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும்” என்று பதில் வந்தால் அத்துடன் கிளம்பிவிடுங்கள். உறவினரும் நண்பர் வீட்டாரும் வந்தால் வேறொருவரிடம் அனுப்பிவைப்பதுதான் இந்தத் தொழிலின் ஒழுங்கு. கட்டணம் யார் கொடுத்தாலும் சரி, உள்ளே பேசியது அவருக்குச் சொந்தமில்லை.

திருவாரூரிலிருந்து திருச்சிக்குப் பஸ் ஏறுவது அலைச்சல்தான். அலையலாம். முடியாதவர்களுக்கு வீடியோ அழைப்பு உண்டு. அதற்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் அது கிடைக்காமல் பம்புசெட் கொட்டகையில் உட்கார்ந்து பேசுகிறவர்களை எனக்குத் தெரியும்.

மருத்துவர் அல்லாதவர் மருந்தை நிறுத்தச் சொல்வது

எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரே சந்திப்பில் தீர்ப்பு எழுதுவது

முதல் நாள் பெரும்பாலும் கேள்விகளிலேயே போய்விடும். மூன்று, நான்கு சந்திப்புகள் பொறுத்துப் பாருங்கள். அவர் உங்களை இழிவாகப் பேசினால் மட்டும் பொறுக்க வேண்டாம். என் பிரச்சினைக்கு எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள் என்றும் கேளுங்கள். ஓயாமல் கை கழுவ வைக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கு, அஞ்சுவதைப் படிப்படியாக எதிர்கொண்டு கழுவாமல் இருக்கப் பழக்கும் பயிற்சி இருக்கிறது. அங்கே ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது.

பணமில்லை என்று தள்ளிப்போடுவது

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் சிகிச்சை கிடைக்கும். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸை 14416 என்ற எண்ணில் அழைத்து இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அறுப்பு முடியட்டும் என்று காத்திருக்கும்போது சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால், அன்றே அந்த எண்ணை அழையுங்கள்.