கேபினை இடித்துவிட்டு ஹெட்போன் வாங்கித் தரும் அலுவலகங்கள்

புது ஆபீஸ் போடும்போது முதல் வேலையாகக் கேபின்களை எடுத்துவிடச் சொல்கிறார்கள். அப்போதுதான் எல்லோரும் கலந்து பேசி வேலை செய்வார்களாம். வாடகை மிச்சமாகும் என்பதை மட்டும் யாரும் உரக்கச் சொல்வதில்லை. மிச்சமாவது உண்மைதான், பேச்சுதான் வருவதில்லை. ஹார்வர்டின் ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும், ஓபன் ஆபீஸுக்கு மாறிய இரண்டு பெரிய அமெரிக்க நிறுவனங்களின் ஊழியர்களுக்கு உணர்கருவி மாட்டி அளந்தார்கள். 2018இல் வெளியான முடிவு: நேரில் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்திருந்தது, மின்னஞ்சல் கூடியிருந்தது. சுற்றிலும் நாற்பது காதுகள் இருக்கும்போது, தெரியாத ஒன்றைப் பக்கத்து சீட்டில் யார் வாய்விட்டுக் கேட்பார்கள்?

பெரிய தவறு ஒலியைக் கணக்கில் எடுக்காததுதான். விட்ரிஃபைடு டைல் தரை, கிளாஸ் பார்ட்டிஷன், வழவழப்பான ஜிப்சம் சீலிங். மூன்றும் போட்டோவில் அழகு. மூன்றும் சத்தத்தை உறிஞ்சாமல் திருப்பி அடிக்கும். இதில் தொல்லை சத்தத்தின் அளவைவிட, சொற்கள் புரிவதில்தான் இருக்கிறது. ஏசியின் இரைச்சல் நாள் முழுக்க இருந்தாலும் மறந்துபோகும். நாலு மேசை தள்ளி ஒருவர் கிளையண்டிடம் பேசுவது காதில் தெளிவாக விழுந்தால் கையில் இருக்கும் வேலை நின்றுவிடும். கான்ட்ராக்டர் மேசைக்கு நடுவே தடுப்பு வைத்துத் தருகிறேன் என்பார். சீலிங் கடினமாக இருந்தால் ஒலி மேலே மோதி, தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும். ஆகவே பணத்தை முதலில் சீலிங்கில் போடுங்கள்: ஒலி உறிஞ்சும் மினரல் ஃபைபர் டைல், பிறகு கார்ப்பெட் டைல், பிறகு துணி போர்த்திய தடுப்பு. தடுப்பு உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேல் வர வேண்டும். மூன்றடி கிளாஸ் வெறும் அலங்காரம். பீன் பேக் எல்லாம் மீதிக் காசில்.

சப்போர்ட் டீமைப் புரோகிராம் எழுதுபவர்களுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதும் இதே ரகம்தான். ஒரு பக்கம் நாள் முழுக்க போன், மறுபக்கம் நாள் முழுக்க அமைதி தேவை.

மீட்டிங் ரூம் விஷயத்தில் எல்லோரும் ஒரே மாதிரி சறுக்குகிறார்கள். பதினாறு பேர் உட்காரும் அறை ஒன்றைக் கட்டிவிட்டு, அதில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எரிச்சல் படுவார்கள். தேவைப்படுவது இரண்டு முதல் நான்கு பேருக்கான சின்ன அறைகளும், தனியாகப் பேச சில போன் பூத்துகளும். பூத்துக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். சென்னை வெயிலில் அடைத்த பெட்டிக்குள் பத்து நிமிடம் பேசிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேபினை இடிக்கும்போது ஏசி டக்ட்டையும் மாற்றுங்கள். பழைய கேபினுக்காக விட்ட காற்றுத் துவாரம் இப்போது யாரோ ஒருவர் தலைக்கு நேர் மேலே இருக்கும். அவர் மே மாதத்திலும் ஸ்வெட்டரோடு வருவார்.

அடுத்து, தூரம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970களிலேயே இதை அளந்தார். இருவரின் இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக்கூட பேச்சு மளமளவெனக் குறைகிறது. 50 மீட்டரைத் தாண்டினால் அநேகமாக இல்லை. சேர்ந்து வேலை செய்ய வேண்டிய இரண்டு டீம்களை இரண்டு மாடியில் வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை கேக் வெட்டிப் பயனில்லை. டீ, காபி எடுக்கும் பான்ட்ரியை இரண்டு டீமும் கடக்கும் வழியில் வையுங்கள், மேசைகளை ஒட்டி மட்டும் வேண்டாம்.

ஆனால் சந்திப்பை வலுக்கட்டாயமாக்கக் கூடாது. அனிமேஷன் நிறுவனமான பிக்ஸார் கலிஃபோர்னியாவின் எமரிவில்லில் கட்டிய கட்டடத்துக்கு, கழிப்பறைகள் எல்லாம் நடுக்கூடத்தில் மட்டும் இருக்கட்டும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் திட்டமிட்டார். ஊழியர்கள் எதிர்க்கவே, வேறு இடங்களிலும் கட்டினார்கள். நடுக்கூடம் நல்ல யோசனைதான், அதற்காக இப்படியா?

யாருக்கும் சொந்த மேசை கிடையாது என்பது கடைசித் தவறு. லாஸ் ஏஞ்சலஸின் ஷையட்/டே விளம்பர நிறுவனம் 1990களின் நடுவில் இதைச் செய்து பார்த்தது. காலையில் லேப்டாப்புக்கும் உட்காரும் இடத்துக்கும் போட்டி. 1998இல் புதுக் கட்டடம் போனபோது ஆளுக்கொரு இடம் திரும்ப வந்தது. தினமும் வருபவர்களுக்கு நிரந்தர இடம் கொடுங்கள். வாரத்தில் ஓரிரு நாள் வருபவர்களுக்குப் பொது மேசை போதும், சாப்பாட்டுக் கூடையும் ஹெல்மெட்டும் வைக்க ஒரு லாக்கரோடு.