தோட்டத்து 12 வோல்ட் விளக்கு மக்கர் பண்ணினால்

ஐப்பசி மழை பிடித்ததும் டெல்டா வீடுகளில் தோட்ட விளக்கு ஒவ்வொன்றாக அணையும். உடனே பல்பு வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி வயர் ஜாயின்ட்தான்.

எதுவுமே எரியவில்லையா? மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து அடாப்டர் வெளியீட்டை அளக்கவும். 12 காட்டினால் கோளாறு வயரில். பூஜ்யம் என்றால் தோட்டத்துக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்கவும். இப்போது 12 வந்தால் மண்ணுக்குள் எங்கோ ஷார்ட். அப்போதும் வராவிட்டால் 230 வோல்ட் பக்கத்தை எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். அதில் கை வைக்க வேண்டாம்.

கடைசி விளக்குகள் மட்டும் மங்கலா? 1.5 சதுர மிமீ செம்பு வயரில் 20 மீட்டர் தள்ளி 60 வாட் போட்டால், போக வர 40 மீட்டரில் சுமார் 2.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மிமீ போட்டால் இழப்பு 1 வோல்ட்டுக்குள் அடங்கும்.

ஒன்று மட்டும் எரியாவிட்டால், மெயினை அணைத்துவிட்டு அதன் ஜாயின்ட்டைத் தோண்டுங்கள். டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சைக் களிம்பேறி, நகம் பட்டாலே உதிரும். நம் களிமண் மழையில் நாள்கணக்காக ஈரம் பிடித்து வைக்கும், கோடையில் வெடித்து வயரை இழுக்கும், டேப் எம்மாத்திரம்? களிம்பேறியதை வெட்டி, பளபளக்கும் செம்பு வரும்வரை சீவி, ஜெல் நிரப்பிய கனெக்டர் போடவும். இருபுறமும் ஒரு சாண் வயரைத் தொய்வாக விடவும். பிளஸ், மைனஸ் மாறினால் பல எல்இடிகள் எரியாது.

வயலோர வீடென்றால் எலி கடித்த இடத்தையும் தேடுங்கள். அங்கே வயரை பிவிசி குழாய்க்குள் விடுவதே நல்லது.