நிலக்கரிக் குழம்புக் குழாயின் நீர்ச் செலவைக் கணக்கிடுவது எப்படி?

நிலக்கரியைப் பொடியாக அரைத்து, நீரில் கலந்து, குழாய்வழி அனுப்பும் திட்டம் ஒன்றை மதிப்பிடும்போது, முதலில் கலவை விகிதத்தைக் கேட்டறியுங்கள். எடையில் பாதிக்குப் பாதி என்றால், ஒரு டன் நிலக்கரிக்கு ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் நீர் தேவைப்படும். அமெரிக்காவின் அரிசோனாவில் பிளாக் மேசா சுரங்கத்திலிருந்து நெவாடாவின் மொகாவி மின்நிலையம் வரை சுமார் 440 கிலோமீட்டர் நீண்ட குழாய், 1970 முதல் 2005 வரை இவ்விகிதத்தில்தான் இயங்கியது. ஆண்டுக்கு 45 லட்சம் டன் என்று கொண்டால், 450 கோடி லிட்டர் ஆகிறது.

அடுத்து, குழாயைக் கழுவவும் மீண்டும் இயக்கவும் ஆகும் நீரைக் கூட்டுங்கள். ஓட்டம் தளர்ந்தால் பொடி அடியில் படிந்து குழாயை அடைத்துவிடும் என்பதால் இதைத் தவிர்க்க இயலாது. மறுமுனையில் மையவிலக்குப் பொறிகள் (கலவையை வேகமாகச் சுழற்றும் பொறிகள்) பிரித்தெடுக்கும் நீரை மொகாவியில் குளிர்விப்புக்குப் பயன்படுத்தினார்கள். ஆனாலும் அதைச் சுரங்கப் பகுதியின் கணக்கில் கழிக்காதீர்கள், ஏனெனில் எடுத்த இடத்துக்கு ஒரு சொட்டும் திரும்பவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது, நீர் எங்கிருந்து வருகிறது என்பதே. பிளாக் மேசாவில், அப்பகுதியின் பழங்குடிகளான ஹோப்பி, நவஹோ மக்கள் குடிக்கும் நல்ல நிலத்தடி நீரையே உறிஞ்சினார்கள். ஊற்றுகள் வற்றுவதாக அவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். ஆகவே கிணறுகளின் நீர்மட்டத்தையும் ஊற்றுகளின் பெருக்கையும் திட்டம் தொடங்கும் முன்பே அளந்து பதியுங்கள், கழிவுநீரோ உவர்நீரோ போதுமா என்று ஆராயுங்கள், ரயில் பாதையின் செலவையும் அருகில் வைத்து ஒப்பிடுங்கள்.