சுண்ணாம்பாற்றில் முதல் முறை துடுப்புப் பிடிக்கப் போகிறவர்களுக்கு

புதுச்சேரியில் இருந்து கடலூர் போகும் பஸ்ஸில் நோணாங்குப்பம் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால், சுண்ணாம்பாறு குளம் மாதிரி அசையாமல் கிடக்கும். எத்தனையோ முறை அப்படிப் பார்த்த தைரியத்தில்தான், இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் மச்சானும் கடலூர்ப் பக்கம் ஒரு கழிமுகத்தில் இரண்டு பேர் உட்காரும் கயாக் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். கொடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது இருபதே நிமிஷம், துடுப்பைச் சும்மா நனைத்தாலே படகு ஓடியது, "நமக்கு இது பிறவியிலேயே வருது மாப்ள" என்றான் மச்சான். திரும்பி வர ஒன்றரை மணி நேரம். பாதி வழியில் தண்ணீர் வற்றி மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டது. இறங்கித் தள்ளலாம் என்று மச்சான் காலை வைத்தான், முழங்கால் வரை சேறு, ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது, பாதத்தில் சிப்பி கீறி நல்ல ரத்தம். அன்றைக்கு அமாவாசைக்கு மறுநாள். எங்கள் கைவலிமையால் ஓடவில்லை படகு, கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர்தான் எங்களை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்பது அப்புறம்தான் புரிந்தது.

அதனால் இந்த விளக்கத்தை லைஃப் ஜாக்கெட்டில் இருந்து தொடங்கவில்லை.

1. முதலில் திரும்பி வருவதை யோசியுங்கள்

கடலை ஒட்டிய ஆறு, உப்பங்கழி, அலையாத்திக் காடு எல்லாவற்றிலும் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஏறி முடிவதற்கும் வற்றி முடிவதற்கும் நடுவில் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகும், அதாவது இன்று காலை ஆறு மணிக்குத் தண்ணீர் நிறைந்திருந்தால் நாளை ஆறு ஐம்பது வாக்கில். நம் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்கூட ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் அந்த ஒரு மீட்டர் தண்ணீர் மொத்தமும் ஒரு குறுகலான முகத்துவாரம் வழியாக வெளியே போகிறது என்று நினைத்துப் பாருங்கள். ஏறி முடித்த நேரத்திலும் வற்றி முடித்த நேரத்திலும் ஓட்டம் குறைவாக இருக்கும், இரண்டுக்கும் நடுவில்தான் வேகம்.

ஆக, கை புதிதாக இருக்கும்போது ஓட்டத்துக்கு எதிராகப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது உங்களைச் சுமந்து வரட்டும். எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியவில்லையா, ஒரு காய்ந்த இலையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், இல்லை கட்டிப்போட்ட படகு எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பாருங்கள். அதைவிடச் சுலபம், கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணனிடம் "தண்ணி ஏறுதாண்ணா, வத்துதா?" என்று கேட்பது. கேட்க வெட்கப்படாதீர்கள், நாங்கள் பட்டோம்.

2. காற்றும் மேல்மழையும்

நம் ஊரில் காலையில் தண்ணீர் தட்டு மாதிரி இருக்கும், மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். கோடையில் அது நல்ல பலமாகவே அடிக்கும், லேசான கயாக்கையும் பெடல் படகையும் ஓரமாக ஒதுக்கிவிடும். காலை ஏழு, எட்டு மணிக்கே ஆரம்பித்துப் பத்தரைக்குள் கரைக்கு வந்துவிடுவதுதான் என் வழக்கம். இடி கேட்டால் விவாதமே வேண்டாம், திரும்புங்கள். திறந்த தண்ணீரில் உயரமாக நீட்டிக்கொண்டிருப்பது நீங்கள்தான்.

இன்னொன்று, நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தால் மட்டும் போதாது. சுண்ணாம்பாறு என்பது செஞ்சிப் பக்கத்தில் இருந்து வரும் சங்கராபரணியின் ஒரு கிளை. வீடூர் அணையில் தண்ணீர் திறந்தால் அது இங்கேதான் வந்து சேரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையில் இருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூர் வரை என்ன செய்தது என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அணைச் செய்தியைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் வீட்டில் பஜ்ஜி போட்டுச் சாப்பிடுங்கள்.

3. எங்கே தொடங்குவது

முதல் முறை என்றால் ஊசுட்டேரி. ஏரி என்பதால் ஏற்ற வற்றம் கிடையாது, காற்றை மட்டும் பார்த்தால் போதும், பறவைகள் கூடுதல் லாபம். இரண்டாவது, பிச்சாவரத்தில் படகுக்காரர் தள்ளும் படகு. அங்கே நீங்கள் துடுப்புப் போட வேண்டியதில்லை, ஆனால் அவர் எந்த வாய்க்காலில் ஏன் நுழைகிறார், திருப்பத்தில் எப்படி வளைக்கிறார் என்று கவனித்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். சுண்ணாம்பாற்றில் சொந்தக் கையால் துடுப்புப் போடுவது மூன்றாவதாக இருக்கட்டும். அதிலும் முகத்துவாரம் பக்கம் வேண்டாம், ஆறும் கடலும் மோதுகிற இடம் அது, பழகிய மீனவர்களே பார்த்துப் பார்த்துத்தான் கடப்பார்கள்.

4. லைஃப் ஜாக்கெட்டைச் சோதிப்பது

கொடுத்ததை அப்படியே மாட்டிக்கொள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் நுரையை விரலால் அழுத்துங்கள், உடனே எழும்ப வேண்டும். ஊறிக் கனத்துப் போயிருந்தாலோ, கட்டி தட்டியிருந்தாலோ, கொக்கி உடைந்து கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தாலோ வேறு கேளுங்கள். எல்லாப் பட்டையையும் இறுக்கியபின் இரண்டு கையையும் மேலே தூக்கி, கூட வந்தவரைத் தோள்பக்கம் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் தண்ணீரிலும் அப்படித்தான் ஏறும், நீங்கள் கீழே போவீர்கள், அது மட்டும் மிதக்கும். குழந்தைக்குக் குழந்தை அளவுதான், கால்களுக்கு நடுவில் போகும் பட்டையோடு. மடியில் வைத்து ஒரே ஜாக்கெட்டை இரண்டு பேருக்குப் போடுகிற கதையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"எனக்கு நல்லா நீச்சல் தெரியும்" என்பவர்களுக்கு: படகு கவிழும்போது விளிம்பு மண்டையில் இடித்தால் நீச்சல் தெரிந்த மண்டை, தெரியாத மண்டை என்று அது பார்க்காது. அதோடு, புதுச்சேரிக்கு வருகிறவர்களில் ஒரு கூட்டம் எதற்காக வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். குடித்தால் அன்றைக்குப் படகு கிடையாது, ஒரு பீர்தானே என்பதும் கிடையாது.

5. உடம்பில் என்ன, பையில் என்ன

பின்பக்கம் வார் வைத்த செருப்பு (மச்சான் சார்பாகச் சொல்கிறேன்), நாடா வைத்த தொப்பி, முழுக்கைச் சட்டை. வெயில் மேலிருந்தும் அடிக்கும், தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும், தாடைக்கு அடியில்கூடக் கறுத்துவிடும். புடவை, வேட்டி, துப்பட்டா என்றால் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், பெடல் படகில் அது மிதிகட்டையில் சுற்றும். போனைத் தண்ணீர் புகாத உறையில் போடுவதற்கு முன், உறைக்குள் டிஷ்யூ பேப்பர் ஒன்றை வைத்துப் பக்கெட்டில் பத்து நிமிஷம் முக்கிப் பாருங்கள், பேப்பர் நனையாவிட்டால் மட்டும் போனை வையுங்கள். தலைக்கு ஒரு லிட்டர் குடிதண்ணீர். அப்புறம் மூடியை இறுக்கி மூடிய காலி ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் பத்து மீட்டர் கயிறு கட்டி எடுத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

6. ஏறுவது, உட்காருவது

பெரும்பாலும் ஆள் விழுவது கரையோரத்தில்தான். ஒரு கால் மேடையில், ஒரு கால் படகில், போன் கையில், படகு மெல்ல விலகும், அவ்வளவுதான். கரையில் ஒருவர் படகைப் பிடித்துக்கொள்ள, குனிந்தபடி நட்டநடுவில் காலை வைத்து உடனே உட்காருங்கள். விளிம்பில் மிதிக்கவே கூடாது. கனமானவர்கள் நடுவிலும் இரண்டு பக்கமும் சமமாகவும் உட்கார வேண்டும். படகில் எழுதியிருக்கும் ஆள் கணக்குக்கு மேல் ஒருவர்கூட வேண்டாம், "சின்னப் பிள்ளைதானே" என்று சேர்ப்பதும் அதில்தான் வரும். நடுத்தண்ணீரில் இடம் மாறுவது, எழுந்து நின்று செல்ஃபி, டால்பின் என்று யாரோ கத்தியதும் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வது, இவை மூன்றும் வேண்டாம்.

7. துடுப்பு

கயாக்கில் முகம் முன்னால் பார்த்திருக்கும். வலப்பக்கம் போட்டால் இடது பக்கம் திரும்பும், மாற்றி மாற்றிப் போட்டால் நேராகப் போகும், நிறுத்துவதற்குப் பின்னோக்கித் தள்ள வேண்டும். இரட்டைத் துடுப்புப் படகில் நீங்கள் படகின் பின்பக்கத்தைப் பார்த்து உட்காருவீர்கள், அங்கேதான் எல்லோருக்கும் தலை சுற்றும்: வலக்கைத் துடுப்பை மட்டும் இழுத்தால் படகின் முகப்பு உங்கள் இடக்கைப் பக்கம் போகும். பத்து இழுப்புக்கு ஒரு தடவை தோளைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். துடுப்பின் பலகை மூழ்கினால் போதும், ஆழமாகக் குத்தினால் கைதான் நோகும். கையால் இழுக்காமல் காலை உதைத்து முதுகைச் சாய்த்து இழுங்கள்.

மோட்டார் படகு ஒன்று அலை கிளப்பிக்கொண்டு போனால் பக்கவாட்டைக் காட்டாதீர்கள், முகப்பைச் சற்றுச் சாய்வாக அலையின் பக்கம் திருப்பிவிட்டுத் தாழ்ந்து உட்காருங்கள்.

அலையாத்தி வாய்க்காலுக்குள் போனால் விரல்களைப் படகுக்குள் வையுங்கள், வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு மாதிரி இருக்கும். கிளையை ஒடிக்காதீர்கள், அந்தக் காட்டில் தில்லை மரமும் உண்டு, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே அதனால்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். நிழலான இடமாகப் பார்த்துத் துடுப்பை மடியில் வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் பேசாமல் இருங்கள், வேர்ப் பக்கம் இருந்து எண்ணெயில் கடுகு வெடிப்பது போலச் சடசடவென்று சத்தம் கேட்கும். எனக்கு அதற்காகவே திரும்பத் திரும்பப் போகத் தோன்றுகிறது.

8. கவிழ்ந்துவிட்டால்

தலையை மேலே கொண்டு வந்ததும் ஆட்களை எண்ணுங்கள், எல்லோரும் படகைப் பிடித்துக்கொள்ளுங்கள். கவிழ்ந்த படகும் பெரும்பாலும் மிதக்கும், தேடி வருகிறவர் கண்ணுக்குத் தெரியும். கரை பக்கத்தில்தானே என்று நீந்தப் போகாதீர்கள், தண்ணீருக்குள் இருந்து பார்க்கும்போது தூரம் ஏமாற்றும். சேற்றில் மாட்டினால் நிமிர்ந்து நின்று காலைப் பிடுங்காமல், உடம்பைச் சாய்த்துத் தவழ்ந்து வாருங்கள்.

வேறு யாராவது தத்தளித்தால் குதிக்காதீர்கள். அந்தக் கேனை வீசுங்கள். காலி ஐந்து லிட்டர் கேன் ஏறக்குறைய ஐந்து கிலோ எடையைத் தாங்கும், தலையைத் தண்ணீருக்கு மேல் வைத்திருக்க அது போதும், கயிற்றைப் பிடித்து இழுத்துவிடலாம். வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற பழைய வைத்தியம் வேண்டாம், முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு, பிறகு நெஞ்சு அழுத்தம், கூடவே ஒருவர் 108. கடல் பக்கம் அடித்துக்கொண்டு போனால் கடலோரக் காவல்படையின் எண் 1554. இரண்டு எண்களையும், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதையும் கரையில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நான் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போவேன், சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே "எங்கடா இருக்க" என்று போன் வந்துவிடும்.