பாரம் எந்தக் காலில் இருக்கிறது? பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டில் செய்த சமநிலைப் பயிற்சி

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வீட்டுக்கு வந்தபோது கட்டில் ஓரத்தில் தானாக உட்காருவார், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். பிசியோ வாரத்துக்கு 2 நாள் வருவார், மற்ற 5 நாளும் நான்தான். முதல் மாதம் நான் செய்ததில் பாதி தப்பு, அதனால் தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மருத்துவரும் பிசியோவும் சரி என்று சொன்ன பிறகுதான் இதெல்லாம். சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் சரியாகும் என்று அவசரப்பட வேண்டாம். 2015இல் வெளியான ஏவெர்ட் என்ற பெரிய ஆய்வில், பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே எழுப்பி அதிகமாக நடமாட வைத்தவர்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களை விடக் குறைவாகத்தான் தேறினார்கள்.

முதலில் இடம்

சக்கரம் இல்லாத, கைப்பிடி உள்ள கனமான நாற்காலி. அதன் முதுகு சுவரில் முட்டியிருக்க வேண்டும். கால்மிதி, ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வழுவழு தரையில் வெறும் சாக்ஸ் வேண்டவே வேண்டாம். பின்பக்கம் மூடிய ஷூ போடுங்கள். நீங்கள் நிற்க வேண்டியது பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்னால். பிடிக்க வேண்டியது இடுப்பை, கையை அல்ல. நான் அவருடைய இடது கையைப் பிடித்துத் தூக்கித் தூக்கி, 2 வாரத்தில் தோள்வலி வந்துவிட்டது. தசை தளர்ந்த தோளில் மூட்டு எளிதாக விலகிவிடும், அந்தக் கையை இழுக்கவே கூடாது என்று பிசியோ சொன்ன அன்றைக்கே நடை பெல்ட் வாங்கிவிட்டேன், அவர் இடுப்பில் கட்டி நாம் பிடித்துக்கொள்ளும் பட்டை. வாங்கியதில் உருப்படியான பொருள் அதுதான். ஆடும் பலகை, காற்றடைத்த மெத்தை எல்லாம் இந்தக் கட்டத்தில் தண்டம்.

உட்கார்ந்து எழுவது: நான் மாட்டிக்கொண்ட இடம்

உட்கார்ந்தபடி இரண்டு பக்கமும் சாய்ந்து நிமிர்வது, முன்னால் குனிந்து தரையைத் தொடப் போவது, இதெல்லாம் பிசியோ காட்டியபடி ஒரு வாரத்தில் வந்துவிட்டது. எழுந்திருப்பதுதான் வரவில்லை. பாதி எழுந்து தொப்பென்று நாற்காலியிலேயே விழுவார். காலில் பலம் இல்லை என்று நினைத்து நான் இன்னும் வேகமாகத் தூக்குவேன், அவர் இன்னும் பின்னால் சாய்வார்.

கோளாறு பலத்தில் இல்லை, பயத்தில். முன்னால் விழுந்துவிடுவோம் என்று உடம்பைப் பின்னால் வைத்துக்கொண்டே எழப் பார்த்திருக்கிறார். நீங்களே முயன்று பாருங்கள், முதுகை நாற்காலியில் ஒட்டிவைத்துக்கொண்டு யாராலும் எழ முடியாது. மூக்கு கால் விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை குனிந்தால்தான் பின்பக்கம் தூக்கும். பிசியோ ஒரு ஸ்டூலை எதிரே போட்டு, மேலே துண்டை விரித்து, நல்ல கையால் பலவீனமான கையைக் கோத்துப் பிடித்தபடி துண்டை முன்னால் தள்ளச் சொன்னார். விழுந்தால் தாங்க எதிரே ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும், அப்பா மூன்றாவது தடவையே எழுந்துவிட்டார்.

பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள், பலவீனமான பாதத்தை மற்றதைவிடக் கொஞ்சம் அதிகமாக. எந்தக் கால் பின்னால் இருக்கிறதோ அதில்தான் பாரம் அதிகம் இறங்கும். முடியவே இல்லையென்றால் இருக்கையின் உயரத்தைக் கூட்டுங்கள். உட்காரும்போதும் மெதுவாக, 4 எண்ணிக்கொண்டே. நாங்கள் ஒரு தடவைக்கு 5 முறை, ஒரு நாளைக்கு 4 தடவை என்று பிரித்துக்கொண்டோம். பக்கவாதத்துக்குப் பிந்தைய அசதி தனி ரகம், ஒரேயடியாகச் செய்தால் மறுநாள் முழுக்கப் படுக்கைதான்.

நிற்பது: இரண்டு எடை மெஷின்

சமநிலை என்றால் ஆடாமல் நிற்பது என்று நினைத்திருந்தேன். அப்பா ஆடாமல்தான் நின்றார், ஆனால் எல்லாப் பாரத்தையும் நல்ல கால் வாங்கிக்கொண்டது. “நேராத்தானேடா நிக்கிறேன்” என்பார். இதைப் பேசிப் புரியவைக்க முடியாது. ஒரே உயரமுள்ள 2 எடை மெஷினைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்னால் கனமான மேசை, பின்னால் நாற்காலி போட்டு, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து அவரை ஏற்றினோம். மொத்தம் 68 கிலோ. வலது முள் 51இல், இடது முள் 17இல். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அப்போ இந்தக் கால் சும்மாதான் நிக்குதா” என்றார்.

அதற்கப்புறம் இடது முள்ளை 25க்குக் கொண்டுபோய் 10 எண்ணும்வரை வைத்திருப்பதுதான் விளையாட்டு. முள் வைத்த பழைய மெஷினே வாங்குங்கள். பல டிஜிட்டல் மெஷின்கள் ஒரு எண்ணைக் காட்டி அங்கேயே நின்றுவிடும், பாரம் மாறுவது தெரியாது. தோளை மட்டும் இடது பக்கம் சாய்த்து ஏமாற்றப் பார்ப்பார்கள், நகர வேண்டியது இடுப்பு. முழங்காலையும் கவனியுங்கள்: பாரம் ஏறும்போது அது பின்பக்கம் போய்ப் பூட்டிக்கொண்டால் கொஞ்சம் மடக்கச் சொல்லுங்கள். மெஷினில் ஏறுவதே பயமாக இருந்தால் தரையிலேயே நின்று, வலது பக்கம் இருக்கும் டம்ளரை எடுத்து இடது பக்கம் தள்ளி வைக்கச் சொன்னாலும் போதும், அதே வேலைதான்.

அது பழகிய பின் நல்ல காலை ஒரு தாழ்வான படிமேல் வைத்து எடுப்பது. எல்லாரும் பலவீனமான காலைத் தூக்கச் சொல்வார்கள். தூக்க வேண்டியது நல்ல கால், அப்போதுதான் மற்றது தனியாகத் தாங்கும். மேசையைப் பிடித்துக்கொண்டுதான்.

தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். வாய் கோணல், புதிதாகக் கை விழுவது, பேச்சுக் குழறல் என்றால் உடனே ஆம்புலன்ஸ்.

முன்னேற்றத்தை அளக்க பிசியோ பெர்க் என்ற சமநிலை அளவுகோலைப் பயன்படுத்தினார்: 14 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 56. வீட்டில் நான் செய்தது எளிது. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி என்று வாரம் ஒருமுறை குறித்துக்கொண்டேன். இதைச் செய்யும்போதுதான் அவர் தடுமாறுவது நடையில் இல்லை, திரும்பும்போதுதான் என்று தெரிந்தது. ஒரே காலில் சுழலாமல், சின்னச் சின்ன எட்டாக வைத்து அரைவட்டம் போட்டுத் திரும்ப வைத்தேன்.

பிற்சேர்க்கை 1: தன் அம்மா பலவீனமான பக்கமே சாய்கிறார், நிமிர்த்தினால் நல்ல கையால் எதிர்த்துத் தள்ளுகிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். இது வேறு சிக்கல். சிலருக்கு எது நேர் என்கிற உணர்வே மாறிவிடுகிறது, சாய்ந்திருப்பதுதான் நேர் என்று உடம்பு நம்புகிறது. பதிலுக்குத் தள்ளினால் அவர் இன்னும் அழுத்துவார். நல்ல பக்கத்தைச் சுவரோரம் வைத்து, அந்தத் தோளால் சுவரைத் தொடச் சொல்லிப் பாருங்கள். கதவு நிலை மாதிரி செங்குத்தாக இருக்கும் எதையாவது காட்டுவதும் உதவும். ஆனால் இதைப் பிசியோ பார்க்காமல் தொடர வேண்டாம், எடை மெஷின் பயிற்சி இவருக்கு இப்போது இல்லை.

பிற்சேர்க்கை 2: கைத்தடி எந்தக் கையில் என்று 3 பேர் கேட்டுவிட்டீர்கள். நல்ல கையில். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். அப்பா இன்னும் இறங்கும்போது மாற்றி வைக்கிறார், நான் ஒரு படி கீழே நின்றுகொண்டு “இடது, இடது” என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.